கம்பி நீட்டும் வேலை

1

நேற்று ஒரு கம்பிக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம். கேக் வெட்டியது நான்தான். உலைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் கேக்கை வைத்து, நான்கு மெழுகுவத்திகளை ஏற்றி, ஆறு பேர் சுற்றி நின்று பாடினார்கள். பிறந்தநாள்காரி உள்ளே தொள்ளாயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், காலில் எடை கட்டித் தொங்கிக்கொண்டிருந்தாள். பெண்பால் என் கற்பனை இல்லை. இந்த ஷெஃபீல்ட் நகரத்தில் கப்பல், கார், கம்பி எல்லாமே பெண்கள்தான். தொங்கல் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஹாரி, ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்ட மனிதர், தினமும் காலையில் என்னைக் கேட்பது "அவள் எப்படி இருக்கிறாள்?" என்பதுதான். அப்படியேதான் இருக்கிறாள் என்பேன்.

ஊதுவதற்கு முன் மனதுக்குள் ஏதாவது வேண்டிக்கொள்ள வேண்டும் என்றார் ஹாரி. கண்ணை மூடினேன். கம்பி அறுந்துபோக வேண்டும் என்று வேண்டுவதா, அறுந்துபோகக் கூடாது என்று வேண்டுவதா என்று தெரியவில்லை. எதுவும் வேண்டாமல் ஊதினேன். கேக் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஊரிலிருந்து தனபாலின் கடிதம். தனபால் என் தம்பி. எளாவூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கிராமத்திலிருந்து, நைனா சொல்லச் சொல்ல எழுதி அனுப்புகிறவன். நைனா என்றால் அப்பா. ஆந்திர எல்லை ஓரத்து வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் இங்கே வந்த ஏழு வருஷத்தில் வந்த எல்லாக் கடிதங்களுக்கும் கடைசி வரி அவருடையதுதான். "கம்பி அறுந்துச்சா?"

நேற்று வந்த கடிதத்தில் அந்த வரி இல்லை. திருப்பிப் பார்த்தேன். நீலநிற விமானக் கடிதத்தில் ஒட்டுகிற மடிப்பு ஒன்று உண்டு, இடம் போதாவிட்டால் தனபால் அங்கேயும் எழுதுவான். அதையும் பிரித்துப் பார்த்தேன். இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நம்மூர் வாசகர்களுக்கு என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். விமான எஞ்சினுக்குள் நெருப்புக்கு நடுவில் சுற்றுகிற சின்னச் சின்ன உலோக இறக்கைகள் உண்டு. சாதாரண இரும்பு அந்தச் சூட்டில் மெழுகாகிவிடும். அதற்காக நிக்கலில் இன்னும் ஏழெட்டு உலோகங்களைச் சேர்த்துப் புதிது புதிதாகக் கலவைகள் செய்கிறார்கள். ஒரு கலவை எத்தனை நாள் தாங்கும் என்று தெரிய வேண்டும். அதற்கு விரல் நீளத்துக்கு ஒரு கம்பி செய்து, உலைக்குள் நிறுத்தி, கீழே எடையைத் தொங்கவிட்டு, காத்திருக்க வேண்டும். கம்பி நீளும். கண்ணுக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒரு மயிரிழை நீண்டால் அதிகம். தினமும் காலை ஒன்பது மணிக்கு அதை அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. கடைசியில் ஒருநாள் அறும். அறுந்ததும் வெட்டி, தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து எங்கே, ஏன் அறுந்தது என்று பார்ப்பதும் என் வேலை.

வந்த புதிதில் நைனா கேட்டிருந்தார், அங்கே இன்னா வேலை என்று. நானும் சுருக்கமாகப் பதில் எழுதினேன்: இங்கே எனக்குக் கம்பி நீட்டும் வேலை.

தமிழ் தெரிந்த எவனும் இப்படி எழுதியிருக்கக் கூடாது. சென்னையில் ஐந்து வருஷம் உலோகவியலை ஆங்கிலத்திலேயே படித்த மண்டை. அதைத் தமிழாக்கும்போது தமிழே அதற்கு ஞாபகம் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்த அன்றைக்குத் தனபால் ஊரில் இல்லை. நைனா அதை எடுத்துக்கொண்டு புதுவாயல் டீக்கடைக்குப் போயிருக்கிறார். லாரிக்காரர்களும் வாத்தியார்களும் செங்கல் சூளை ஆட்களும் நிறைந்திருந்த நேரம். கடைக்காரர் அதை உரக்கப் படித்திருக்கிறார்.

"ஏயுமல சீமைக்குப் போயி கம்பி நீட்டிக்கினு கீறானாம்."

கடை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தர், நீட்டினா பரவாயில்ல, அப்புறம் மாட்டிக்கினு கம்பி எண்ணப் போறான் என்றாராம். நைனா பாதி டீயை பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து நடந்துவிட்டார். தனபால் இதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தான். நான் தொங்கல் அறையில் நின்றபடியே படித்துச் சிரித்தேன். வந்த புதிது, சிரிப்பு வந்தது.

பிறகு விவரமாக எழுதினேன். கம்பி தானாக நீள்கிறது, நான் அளக்கிறேன், அவ்வளவுதான் என்று. நைனா உடனே கேட்டது, அது அறுந்தா இன்னா பண்ணுவ என்பது. அறுந்தால் வேலை முடிந்தது, ஊருக்கு வந்துவிடுவேன் என்று எழுதினேன். பொய் இல்லை. என் ஒப்பந்தமே அந்த ஒரு கம்பிக்குத்தான். மூன்று வருஷத்துக்குள் அறும் என்று கணக்கு.

நைனா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனாராம். சிரித்தவர்கள் எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"என் மவன் நீட்டல. கம்பிதான் நீளுது. அது அறுந்தா அவன் வந்துடுவான்."

3

அன்றிலிருந்து ஊரில் யார் என்னைப் பற்றிக் கேட்டாலும் அவருக்கு அதுதான் பதில். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அதே கேள்வி. நெல்லுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது என்று கேட்பதுபோல, கோபமோ கெஞ்சலோ இல்லாத கேள்வி. நானும் ஒவ்வொரு முறையும் இன்னும் இல்லை என்று எழுதினேன்.

ஒருமுறை, கம்பி எப்படி அறும் என்று கேட்டிருந்தார். அதற்கு எனக்கு நல்ல பதில் கிடைத்தது. உலோகத்தைக் கண்ணாடியாகத் தேய்த்து, அமிலத்தில் நனைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நம் கழனிகளைப் போலவே இருக்கும். ஒவ்வொரு படிகமும் ஒரு பாத்தி. பாத்திக்குப் பாத்தி நடுவில் கோணல்மாணலாக வரப்பு. பாத்திக்குள்ளே இன்னும் உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். பாரத்தைத் தாங்குவது அந்தக் கட்டிகள்தான். நாள்பட்ட சூட்டில் பெரிய கட்டி சின்னக் கட்டியைத் தின்று வளரும். வளர வளர உலோகம் தளரும். ஆனாலும் பாத்தி நடுவில் கிழிவதில்லை. இழுப்புக்குக் குறுக்கே கிடக்கிற வரப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள் விழும். ஓட்டையும் ஓட்டையும் சேர்ந்து விரிசலாகும். ஒருநாள் அங்கேதான் அறும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். நைனாவின் பதில் தனபால் கையெழுத்தில் வந்தது.

"வரப்புலதான் ஒடையும்னு தெரிஞ்சிக்க சீமைக்குப் போவணுமா? நண்டு வளை வெச்சிக்கினு இருக்கும், அதுல பூந்துதான் தண்ணி ஒடச்சிக்கினு போவும். பேஜாரு பண்ணா வரப்ப எடுத்துட வேண்டியதுதான?"

எங்கள் பிரிவுத் தலைவரிடம் டீ நேரத்தில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உன் அப்பா எங்கே படித்தவர் என்று கேட்டார். அப்போது அதே வேலையைத்தான் அடுத்த கட்டடத்தில் செய்துகொண்டிருந்தார்கள். உருக்கிய உலோகத்தை ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்லக் குளிரவைத்து, கம்பி முழுவதும் ஒரே படிகமாக, வரப்பே இல்லாமல் வார்ப்பது. ஓயாமல் வரப்புச் சண்டை போடும் ஊரில் பிறந்த எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது.

4

என் பெயர் ஏழுமலை. இங்கே எலு. ஷெஃபீல்ட் நகரமும் ஏழு மலைகள்மேல் கட்டியது என்று இவர்கள் சொல்லிக்கொள்வார்கள். என் பெயருக்கு அர்த்தம் சொன்ன நாளில் ஹாரி என்னை ஊர்க்காரனாகவே சேர்த்துக்கொண்டார். ஆனால் "ழ" வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் ஊரிலும் அது வராது. பிறந்ததிலிருந்து ஏயுமலையாக இருந்தவன் எலு ஆனதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

வந்து ஒரு வருஷம் கழித்து என் மனைவி ருக்மணியும் மகள் வசந்தியும் வந்தார்கள். ருக்மணி மணவாள நகர்ப் பெண். வசந்திக்கு அப்போது மூன்று வயது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் வாரத்திலேயே டீச்சர் அவளிடம், வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டிருக்கிறார். அவள் அம்மா என்றும் நைனா என்றும் சொல்லியிருக்கிறாள். பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. தாயின் பெயர் இருந்த இடத்தில் அம்மா. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இன்னொரு நபர்: மிஸ் நினா. உறவுமுறை: தெரியவில்லை.

நான் போய்ச் சரிசெய்திருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது வசந்திக்கு ஒன்பது வயது. பள்ளிப் பதிவில் நான் இன்னமும் மிஸ் நினாதான். அவளும் என்னை நைனா என்று கூப்பிடுவதை நிறுத்தி நாளாயிற்று; டாட் என்கிறாள். நினா என்பது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பெயராக மட்டும் மிச்சம் இருக்கிறது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். ருக்மணி திட்டுவாள். நான் திட்டுவதில்லை. பொறுமை என்று அவள் நினைக்கிறாள்.

கம்பி நீள்வதில் மூன்று கட்டம் உண்டு. எடையைத் தொங்கவிட்டதும் முதலில் சட்டென்று நீளும். ஏதோ நடக்கிறது என்று தெரியும். பிறகு இரண்டாம் கட்டம். அதுதான் நீண்ட காலம். வரைபடத்தில் கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். இன்றைக்கும் நேற்றைக்கும் வித்தியாசம் தெரியாது. கம்பி சும்மா இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் சும்மா இல்லை. மூன்றாம் கட்டம் வந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். நான் கம்பியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

காலையில் ஏழரைக்குப் பஸ். ஒன்பதுக்கு அளவு. பத்தரைக்கு டீ. ஐந்தரைக்குத் திரும்பும் பஸ். சனிக்கிழமை சந்தையில் கொத்தமல்லி கிடைக்குமா என்று பார்ப்பது, கிடைக்காமல் வருவது. ஒரு குளிர்காலத்தில் இங்கேயும் மின்வெட்டு வந்தது. வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டோம். ஆய்வுக்கூடத்தில் தனி ஜெனரேட்டர் இருந்ததால் கம்பிகளுக்கு மட்டும் சூடு குறையவில்லை.

5

முதல் கம்பி அறுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஹாரிதான் கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. நேராக எங்கள் வாசலுக்கு வந்து மணி அடித்திருக்கிறார். நான் வசந்தியோடு கடைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்த ருக்மணியிடம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அவள் போய்விட்டாள் என்று எலுவிடம் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று வருஷமாகத் தினமும் பார்த்த கம்பி; அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்திருக்கும்.

நான் திரும்பி வரும்போது ருக்மணி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு முழுக்க ஈரம். கூடத்துக்குத் தந்தி வந்திருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"எங்கம்மா பூட்டாங்களாங்க. ஹாரி வந்து சொல்ட்டுப் போனாரு."

அவள் அம்மா மணவாள நகரில் நன்றாக இருந்தார், இப்போதும் இருக்கிறார். ஹாரி சொன்ன வார்த்தைகளை அவள் திருப்பிச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது உங்கம்மா இல்லை, கம்பி என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் வசந்தியும் சிரித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே, "நல்ல வேள, கம்பிதான்" என்று ருக்மணி இரண்டு மூன்று முறை சொன்னாள்.

பிறகு இரண்டு பேருமே சிரிப்பை நிறுத்தினோம். கம்பி அறுந்தால் என்ன என்பது ஒரே நேரத்தில் இருவருக்கும் ஞாபகம் வந்தது. அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். நான் கடையில் வாங்கியதையெல்லாம் அலமாரியில் அடுக்கினேன்.

திங்கட்கிழமை கம்பியை வெட்டிப் பார்த்தேன். வரப்போரம் வரிசையாக ஓட்டைகள், நைனா சொன்ன நண்டு வளைகள். படம் எடுத்து ஒட்டினேன். அந்த வாரமே பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, இரண்டாவது கம்பி தயார், வரப்பில்லாத கம்பி, இதையும் நீதான் பார்க்க வேண்டும் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். அதுதான் யாருக்கும் தெரியவில்லை என்றார், சந்தோஷமாக.

சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வெந்நீர் குழாயில் வருகிறது, வசந்திக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது, நம்மூரில் இந்த வேலை கிடையாது. எல்லாம் நிஜம்தான். ஆனால் எதுவும் காரணம் இல்லை. கேட்டார்கள், சரி என்றேன். அவ்வளவுதான்.

நைனாவுக்கு எழுதிடுங்க என்று ருக்மணி சொன்னாள். அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். அவர் கடைசியாகக் கேட்டிருந்த கேள்வி மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் மிஸ் நினாவின் படிவம் இருந்தது. நான் எழுதியது இது: நைனா, கம்பி இன்னும் அறுந்துபோகவில்லை. நீ சொன்னபடியே வரப்பை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அறாமல் நிற்கிறது.

முதல் வாக்கியம் பொய். மற்ற இரண்டும் உண்மை. எழுதும்போது குற்றவுணர்ச்சி வரவில்லை. வரும் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகும் இல்லையா, தரை தெரியாது, அப்படித்தான் இருந்தது. மற்றபடி நடக்க முடிந்தது.

நைனாவுக்கு ஏகப்பட்ட பெருமை. என் பேச்சக் கேட்டு சீமைக்காரன் வரப்ப எடுத்துட்டான் என்று புதுவாயல் வரைக்கும் சொல்லிக்கினு திரிவதாகத் தனபால் எழுதினான். அதற்கும் கீழே, கடைசி வரியில், "கம்பி அறுந்துச்சா?"

6

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் கழனியும் அந்தக் கோட்டுக்குள் வந்தது. பட்டா நைனா பேரிலும் என் பேரிலும் சேர்ந்து இருக்கிறது. எனக்கு வேலை கிடைத்த வருஷம் ஆசையாக என் பேரையும் சேர்த்திருந்தார். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நைனாவுக்கு முழு நிலத்துக்கும் ஆட்சேபணை கிடையாது. பேட்டை வந்தால் தனபாலுக்கு வேலை கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும். கிணறு இருக்கிற மேல்பாத்தியை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நினைத்தார்.

தனபாலோடு ஆபீசுக்குப் போயிருக்கிறார். குமாஸ்தா தலைநிமிராமல் கேட்டிருக்கிறார், பெரிய மகன் எங்கே என்று. நைனா உள்ளதைச் சொன்னார்.

"அவன் சீமைல கம்பி நீட்டிக்கினு கீறான். அறுந்ததும் வந்துடுவான்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஒரு மாதம் கழித்துக் கிணற்றடிப் பனைமரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மேற்படி ஏழுமலை என்பவர் தலைமறைவாகி இருப்பிடம் தெரியாத நிலையில், என்று ஆரம்பித்து, ஆட்சேபணை ஏற்கப்படவில்லை என்று முடிந்தது.

தனபால் மறுபடி ஓடியிருக்கிறான். அது அந்தக் கம்பி இல்ல சார் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். அவர்கள் மோசமான ஆட்கள் இல்லை. எழுதியதை எழுத்தால்தான் மாற்ற முடியும், உங்க அண்ணன் இருக்கிற இடத்தில் இருக்கிறார் என்று லண்டனில் நம்ம தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார்கள். தனபால் எனக்கு எழுதினான். நானும் லண்டனுக்கு எழுதிப் படிவத்தை வரவழைத்தேன்.

நான்கு பக்கப் படிவம். பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தொழில் எல்லாம் எழுதினேன். தொழிலை இந்த முறை ஜாக்கிரதையாக எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: ஊர் திரும்பும் உத்தேசத் தேதி. அங்கே பேனா நின்றுவிட்டது. ஏதாவது ஒரு தேதியைப் போட்டிருக்கலாம். அதை யாரும் என்னிடம் வந்து கேட்கப் போவதில்லை. நைனாவிடம் பொய் எழுதிய கைக்கு அந்தக் கட்டத்தில் பொய் எழுத வரவில்லை, உண்மை எழுதவும் வரவில்லை. படிவத்தை மேஜை டிராயரில் வைத்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தனபால் இரண்டு முறை நினைவுபடுத்தி எழுதினான். பிறகு விட்டுவிட்டான். அனுப்பியிருந்தாலும் நிலம் போயிருக்கும் என்று ஒரு கடிதத்தில் அவனே சமாதானமும் சொன்னான். இருக்கலாம்.

இரண்டு நாட்டுப் பதிவேடுகளில் நான் இருக்கிறேன். இங்கே நான் உறவுமுறை தெரியாத ஒரு பெண். அங்கே நான் இருப்பிடம் தெரியாத ஓர் ஆண். இரண்டையும் திருத்த எனக்கு ஒரு பஸ் பயணமும் ஒரு தபால்தலையும் போதும்.

7

இனி நேற்று வந்த கடிதம்.

தனபாலுக்குப் பேட்டையில் ஃபிட்டர் வேலை கிடைத்துவிட்டது. அதை முதலில் எழுதியிருந்தான். பிறகு, புல்டோசர் வந்து மூன்று வாரமாக நிலத்தைச் சமப்படுத்துகிறது என்று எழுதியிருந்தான். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். பனைமரம் போய்விட்டது. எங்கள் கழனி, பக்கத்துக் கழனி, ஏரிக்கரை வரைக்கும் எல்லாம் ஒரே தளமாகக் கிடக்கிறதாம்.

நைனா தினமும் காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு அங்கே போகிறார். ஒருநாள் போய் வெகுநேரம் நடந்திருக்கிறார். நம்முடையது எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐம்பது வருஷம் வெறுங்காலால் நடந்த இடம். புல்டோசர் ஓட்டுகிறவனையே நிறுத்தி, இங்க கெணறு எங்க இருந்துச்சு என்று கேட்டிருக்கிறார். அவன் வெளியூர்க்காரன். கையை விரித்திருக்கிறான். நைனா வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தனபால் போய்தான் கூட்டி வந்திருக்கிறான். ஊட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டதும், அண்ணனுக்கு எழுது என்று சொல்லியிருக்கிறார். தனபால் அதை அவர் சொன்னபடியே எழுதியிருந்தான்.

"இங்கியும் வரப்பெல்லாம் எடுத்துட்டாங்க. இனிமே அறுந்து போவாதுன்னு எழுது."

அதுதான் கடைசி வரி.

அவர் என்னைக் குத்திக்காட்டுகிறாரா என்று முதலில் யோசித்தேன். இல்லை. ஏழு வருஷமாகக் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டுவிட்டார். வரப்பில்லாதது அறாது என்று நான்தான் அவருக்கு எழுதியிருந்தேன். அதை நம்பினார். கம்பி அறாது, மகன் வரமாட்டான், இனி கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். என் பொய்யை எடுத்து எனக்கே விடுதலையாகக் கொடுத்திருக்கிறார். அது தெரிந்ததும், நான்கு வருஷமாக வராமல் இருந்தது வந்தது. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மரத்த காலில் ரத்தம் ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், அந்த மாதிரி வலித்தது.

வசந்தி வந்து, என் கையிலிருந்த நீலக் காகிதத்தைப் பார்த்து, உன் நினாவிடமிருந்தா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். என்ன சொல்கிறார் என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போனாள்.

நைனாவுக்குத் தனியாகக் கடிதம் எழுத மூன்று முறை முயன்றேன். வரவில்லை. தனபால் அதை அவருக்குப் படித்துக் காட்டும்போது, வாக்கியத்தை மென்மையாக்கி, நடுவில் ஒன்றிரண்டு வார்த்தையை விட்டுவிடுவான். அவன் நல்லவன். அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை புதுவாயல் டீக்கடைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். கடைக்காரர் உரக்கப் படிப்பார் என்றும் தெரியும். அவருக்கு ஒரு விண்ணப்பம். நைனா பெஞ்சில் இருந்தால், அவர் டீயை முழுக்கக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு இதை மட்டும் படியுங்கள்.

நைனா, கம்பி அறுந்து நாலு வருஷம் ஆச்சு. உன் மவன்தான் நீட்டிட்டான்.